புதையலுக்கு மதிப்பெண் இடலாமா?

அமெரிக்க நகரங்களின் பெரிய அங்காடிகளுக்கு முன்னே விரிந்து கிடக்கும் வாகன நிறுத்துமிடங்களில், உயரமான விளக்குக் கம்பங்களின் அடியிலுள்ள திருகாணிகள் வெளியே தெரியாதபடி ஒரு தகர உறை போட்டிருப்பார்கள். கையால் பிடித்துத் தூக்கினால் அது கிரீச்சிட்டுக்கொண்டு மேலே ஏறும். உள்ளே, ஒரு காலத்தில் புகைப்படச் சுருள் அடைத்து விற்கப்பட்ட கறுப்பு டப்பி ஒன்று கிடக்கும். அதன் சாம்பல் நிற மூடியை நெம்பித் திறந்தால், மழைநீர் கசிந்து பாதி கூழாகிவிட்ட காகிதச் சுருள் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். பேனா அதன்மேல் எழுதாது, கிழிக்கத்தான் செய்யும். தேடி வந்தவர் எப்படியோ தம் பெயரின் முதலெழுத்துகளை அதில் பதித்து, டப்பியை இருந்த இடத்திலேயே வைத்து, உறையைக் கீழே இறக்கிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்.

அதே மனிதர் அடுத்த விடுமுறையில் வாஷிங்டன் மாநிலத்துக் காஸ்கேட் மலைத்தொடருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரயில் ஓட்டம் நின்றுபோய் இப்போது நடையர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரியதாகிவிட்ட ஸ்னோகுவால்மி சுரங்கப்பாதை அங்கே இருக்கிறது; நீளம் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர், உள்ளே விளக்குக் கிடையாது. கையில் கொண்டுபோன விளக்கின் ஒளி ஒன்றையே துணையாகக் கொண்டு அந்தக் குளிர்ந்த இருட்டைக் கடந்து, மறுமுனைக்கு அருகே காட்டுக்குள் தேடினால், ‘டனல் ஆஃப் லைட்’ என்னும் பெட்டி கிடைக்கும். 2001-ஆம் ஆண்டு ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ திரைப்படம் வெளிவந்த சமயத்தில் அதன் விளம்பரத்துக்காக ஒளித்துவைக்கப்பட்ட பெட்டிகளுள் இரண்டுதான் இன்று எஞ்சியிருக்கின்றன; ஒன்று பிரேசிலில், மற்றொன்று இது. 2011-இல் இது காணாமற்போய், 2016-இல் மீண்டும் அவ்விடத்துக்கு வந்தது. இதை ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்பதற்காகவே வேறு கண்டங்களிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு.

விளக்குக் கம்பத்து டப்பிக்கு ஒன்று. சுரங்கப்பாதைப் பெட்டிக்கும் ஒன்று. கண்டெடுத்தவருடைய கணக்கில் இரண்டும் சமமாகவே ஏறும். ஜியோகேச்சிங் என்னும் இந்த விளையாட்டில் ஈடுபட்டோரிடையே பல்லாண்டுகளாக நடந்துவரும் ஒரு விவாதம் இந்தச் சமத்துவத்திலிருந்துதான் பிறக்கிறது: கண்டெடுத்தவர்கள் தாம் கண்ட பெட்டியின் தரத்தை மதிப்பிட்டு மதிப்பெண் இட வேண்டுமா, வேண்டாமா?

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக அதன் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். அமெரிக்க இராணுவம் விண்ணில் செலுத்தியிருந்த ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களின் சமிக்ஞையில், பொதுமக்கள் பெறும் பகுதி வேண்டுமென்றே பிழையுள்ளதாக்கப்பட்டு வந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அதிபர் கிளிண்டன் அரசின் உத்தரவால் அந்தத் தடை ஒரே இரவில் நீங்கிற்று. அதுவரை 100 மீட்டர் அளவுக்கும் பிசகிக்கொண்டிருந்த கையடக்கக் கருவிகள் மறுநாள் காலையில் ஒரு மரத்தை அடுத்த மரத்திலிருந்து பிரித்துக் காட்டும் அளவுக்குத் துல்லியம் பெற்றன. மே 3-ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர், போர்ட்லந்து நகருக்கு அப்பால் பீவர்கிரீக் என்னும் ஊரருகே, ஒரு கறுப்பு வாளியில் சில புத்தகங்கள், கணினி மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் அவரை விதை முதலியவற்றையும், வருகிறவர்கள் பெயரெழுத ஒரு பதிவேட்டையும் இட்டு, அதைப் பாதி மண்ணில் புதைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை இணையத்தில் வெளியிட்டார். எடுப்பவர் எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததற்கு ஈடாக ஏதேனும் வைத்துவிட வேண்டும் என்பது அவர் விதித்த நியமம். மூன்று நாட்களுக்குள் இருவர் அதைக் கண்டெடுத்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஒரு வலைத்தளத்தைத் தொடங்கியபோது உலகம் முழுவதற்குமாக 75 பெட்டிகள்தாம் இருந்தன. இன்று அவை 30 லட்சத்துக்கும் அதிகம். அத்தளத்தை நடத்தும் நிறுவனம் சியாட்டில் நகரில் இயங்குகிறது.

ஒவ்வொரு பெட்டிக்கும் இப்போது இரண்டு அளவுகோல்கள் உண்டு. கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது ஒன்று. அங்கே போய்ச் சேர்வது எவ்வளவு சிரமம் என்பது மற்றொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை அரையரையாக ஏறும். நிலத்தின் அளவுகோலில் 1 என்றால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் அடையலாம். 5 என்றால் படகோ, கயிறோ, முக்குளிக்கும் சாதனமோ இன்றி அடைய முடியாது. இவ்விரண்டையும் நிர்ணயிப்பவர் பெட்டியை ஒளித்தவரே. பெட்டி வெளியாகுமுன் தன்னார்வப் பரிசீலகர் ஒருவர் அதைப் பார்வையிடுவார். அடுத்த பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளியிருக்கிறதா, நில உரிமையாளரின் அனுமதி உண்டா, இரயில் பாதைக்கோ பள்ளிக்கோ அபாயகரமான வகையில் அருகில் இருக்கிறதா என்பனவெல்லாம் அவர் கவனத்துக்குரியவை. பெட்டி நன்றாயிருக்கிறதா, அந்த இடம் ஒரு மனிதன் போய்ப் பார்க்கத் தகுந்ததா என்று அவர் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை ஒரு காலத்தில் அவர் கேட்டதுண்டு. இந்த விவாதத்தில் ஈடுபடுகிற அனைவரும் நினைவில் வைக்க வேண்டிய அத்தியாயம் அது. தொடக்க ஆண்டுகளில், பெட்டியே இல்லாத புதையல்களும் அனுமதிக்கப்பட்டன. ஒரு நினைவுச் சின்னத்தையோ, அருவியையோ, விசித்திரமான பாறையையோ சென்று கண்டு, அங்குள்ள ஒரு விவரத்தை ஒளித்தவருக்கு எழுதி அனுப்பினால் போதும். இது எளிதாக இருந்தமையால், கண்ணில் பட்ட எதையெல்லாமோ மக்கள் புதையலென்று அனுப்பலாயினர். ஆகவே, காண்பவரை வியக்கச் செய்யும் தன்மை இருந்தாலொழிய இத்தகையவற்றை வெளியிடலாகாது என்று ஒரு விதி வந்தது. வியப்பின் அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு, ஊதியமின்றி உழைத்த பரிசீலகர்களின் தலையில் விழுந்தது. தம் ஊர்ச் சதுக்கத்துச் சிலையை உயிருக்குயிராக நேசிக்கும் ஒருவருக்கு, அந்த ஊரைக் கண்ணாலும் கண்டிராத இன்னொருவர், உம்முடைய சிலை என்னை வியக்கச் செய்யவில்லை என்று பதிலெழுத வேண்டியதாயிற்று. மனஸ்தாபங்களுக்குக் கேட்பானேன்? 2005-இல் அவ்வகைப் புதையல்களைப் புதிதாக ஏற்பதையே நிறுத்திவிட்டார்கள். ரசனையை அதிகாரமாக்கிய அந்தப் பரிசோதனையால் ஒரு வகைப் புதையலே அருகிப்போயிற்று.

ஆயினும், மதிப்பெண் கேட்பவர்களுடைய குறையைக் கற்பனை என்று தள்ளிவிடலாகாது. முனிச்சிலோ பிராகிலோ ஒரே ஒரு பிற்பகல் மட்டும் தங்க வாய்த்த பிரயாணியை எண்ணிப் பாருங்கள். கைபேசியில் வரைபடத்தைத் திறந்ததும் தெருவுக்குத் தெரு புதையல் குறிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. எது ஒரு பழைய கோட்டைச் சுவரின் அறியப்படாத மூலைக்கு அழைத்துப்போகும், எது குப்பைத் தொட்டியின் பின்புறத்தில் காந்தத்தால் ஒட்டிய நகத்தளவு நானோ டப்பிக்கு அழைத்துப்போகும் என்பதைக் குறியைப் பார்த்துச் சொல்ல இயலாது. 2009-இல் விதிகள் தளர்ந்தபின் ‘பவர் டிரெய்ல்’ என்னும் வழக்கமும் பரவிற்று. நெவாடா பாலைவனத்தில் ‘எக்ஸ்ட்ராடெரெஸ்ட்ரியல் ஹைவே’ எனப்படும் நெடுஞ்சாலையோரத்தில், அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தூரத்தில் ஒன்றாக, ஆயிரத்துக்கு மேற்பட்ட டப்பிகளை வரிசையாக வைத்தார்கள். ஒருவர் காரோட்ட, மற்றொருவர் குதித்திறங்கிக் கையொப்பமிட்டு ஏற, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எண்ணிக்கை கூட்டிக்கொள்ளலாம். அதில் களிப்படைகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எண்ணிக்கை ஒன்றே கண்ணுக்குத் தெரியும் அளவாக இருக்கும்வரையில், ஒரு பெட்டியை மூன்று மாதம் உழைத்துச் செய்து, அதற்கேற்ற இடத்தை நடந்து நடந்து தேர்ந்தெடுக்கும் கலைஞனுடைய பிரயாசைக்கு அந்தக் கணக்கில் எந்த இடமும் இல்லை என்பது உண்மையே.

இந்தக் குறையைத் தீர்க்க முதலில் முனைந்தவர்கள் விளையாடியவர்களே. ‘ஜிசிவோட்’ என்னும் ஒரு துணைநிரலை உலாவியில் பொருத்திக்கொண்டால், ஒவ்வொரு புதையலுக்கும் 1 முதல் 5 வரை நட்சத்திரம் தரவும், பிறர் தந்தவற்றின் சராசரியைக் காணவும் முடிந்தது. போலந்து நாட்டு ஓப்பன்கேச்சிங் தளமும் கண்டவர்களின் மதிப்பெண்ணை வாங்கிற்று. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நட்சத்திர முறைக்கு இயல்பாகவே சில நோய்கள் உண்டு. யூடியூப் நிறுவனம் தன் காணொளிகளுக்கு ஐந்து நட்சத்திர முறையை வைத்திருந்து, 2009-இல் ஆராய்ந்து பார்த்தபோது, பெரும்பாலோர் ஐந்தையே தந்திருக்கக் கண்டு, அடுத்த ஆண்டில் அம்முறையைக் கைவிட்டது. பிடித்தவர்கள் ஐந்து தருகிறார்கள்; வெறுத்தவர்கள் ஒன்று தருகிறார்கள்; நடுவே இருப்பவர்கள் ஒன்றும் தராமல் போய்விடுகிறார்கள். முகந்தெரியாத கோடிக்கணக்கானோர் கூடும் இடத்திலேயே இப்படியென்றால், ஒரு மாவட்டத்தில் ஐம்பது அறுபது பேர் ஒருவரையொருவர் அறிந்து, ஒருவர் ஒளிப்பதை மற்றவர் தேடும் சிறிய சமூகத்தில் தாட்சண்யமும் பகையும் எவ்வளவு புகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. புதையல் ஒரு நிலைத்த வஸ்துவன்று. 2008-இல் புதுப் பெட்டியும் உலர்ந்த ஏடுமாக இருந்தபோது பெற்ற ஐந்து நட்சத்திரம், மூடி பிளந்து எறும்பு குடியேறிய பின்னும் சராசரியில் உட்கார்ந்திருக்கும். பனிக்காலத்தில் உறைந்த ஏரியின்மீது நடந்து சென்றவரும் கோடையில் கொசுக்கடியில் சதுப்பைச் சுற்றிச் சென்றவரும் ஒரே பெட்டியைக் கண்டதாகத்தான் கணக்கு. அவர்கள் அடைந்த அனுபவங்கள் இரண்டு. கண்டவரும் ஒருதன்மையானவர் அல்லர். நான் தொடக்கத்தில் வர்ணித்த விளக்குக் கம்பத்து டப்பியையே மறுபடி எண்ணிப் பாருங்கள். மலையேறுபவருக்கு அது வெறும் கேவலம். ஆனால் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர், பிறர் உதவியின்றித் தாமே அடைந்து, தாமே உறையைத் தூக்கி, தாமே பெயரெழுதக் கூடிய புதையல்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்றாக இருக்கலாம். ஆறு வயதுக் குழந்தை தன் வாழ்நாளில் முதன்முதலாகக் கண்டெடுக்கும் புதையலாகவும் இது இருக்கலாம். மலையேறுபவர்கள் பத்துப் பேர் இட்ட ஒற்றை நட்சத்திரங்களின் சராசரியைக் கண்டு, அந்தக் குழந்தையின் பெற்றோர் அங்கே போகாமலே இருந்துவிடுவார்கள்.

ஒளித்தவருடைய நிலையையும் பார்க்க வேண்டும். அவர் தம் பணத்தில் பெட்டி வாங்கி, தம் பொழுதைச் செலவிட்டு, மழைக்குப் பின்னும் பனிக்குப் பின்னும் போய் ஏட்டை மாற்றி, யாரிடமும் ஒரு காசு வாங்காமல் அதைப் பராமரிக்கிறார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து உண்டு எழுந்தவர், ரசம் மிக நன்றாயிருந்தது என்று வீட்டாரிடம் மனமாரச் சொல்லலாம். சொன்னால் அவர்களுக்கும் ஆனந்தம். கை கழுவின கையோடு வாசலில் நின்று நூற்றுக்கு நாற்பத்திரண்டு என்று எழுதி ஒட்டிவிட்டுப் போவது மரியாதையாகாது.

ஆகையால், பாராட்டுக்கு மட்டும் இடந்தந்து, அந்தப் பாராட்டையும் அளவோடு வழங்கச் செய்யும் முறையே இந்த விளையாட்டுக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். இப்போதுள்ள ஏற்பாடு ஏறக்குறைய அதுதான். 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரதான வலைத்தளம் விருப்பப் புள்ளி என்பதைக் கொண்டுவந்தது. சந்தா செலுத்தும் உறுப்பினர் பத்துப் புதையல்களைக் கண்டால் ஒரு புள்ளி கிடைக்கும். அதைத் தாம் கண்டவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு அளிக்கலாம். பிற்காலத்தில் மனம் மாறினால் அதைத் திரும்பப் பெற்று வேறொன்றுக்கு மாற்றலாம். ஜெர்மனியின் ஓப்பன்கேச்சிங் தளத்தில் பத்துக்கு ஒன்றாகப் பரிந்துரைக்கும் வழக்கமும் இதே இனத்தைச் சேர்ந்தது. இதில் ஒன்பது பெட்டிகளைப் பற்றி யாரும் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. பத்தாவதை மட்டும் ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். கையிருப்பு கொஞ்சமாக இருப்பதால், கொடுக்குமுன் யோசிக்கிறார். போன மாதம் பார்த்த பாலத்தடிப் பெட்டியா, நேற்றுப் பார்த்த மணிக்கூண்டா என்று இரண்டையும் நினைவில் நிறுத்தி ஒப்பிடுகிறார். நட்சத்திரம் இடுபவருக்கு அந்த யோசனை தேவைப்படுவதே இல்லை.

பிராகில் நிற்கும் நம் பிரயாணிக்கும் இது போதும். விருப்பப் புள்ளிகள் மிகுந்தவற்றை வடிகட்டி எடுத்து, அவற்றுள் தம் பிற்பகலுக்கு அடங்குகிற நான்கைந்தை அவர் தேர்ந்துகொள்ளலாம். சுற்றுலாத் தலத்தின் நடுவே உள்ள பெட்டிக்குக் கூட்டத்தாலேயே புள்ளிகள் குவியும், யாரும் போகாத சிகரத்திலுள்ள பெட்டிக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அதற்குப் பரிகாரமாகவே, கண்ட சந்தாதாரர்களுள் எத்தனை சதவீதத்தினர் புள்ளி அளித்தார்கள் என்பதையும் தளம் காட்டுகிறது. அந்த சதவீதத்தையும் ஜாக்கிரதையோடுதான் படிக்க வேண்டும்; கயிறு கட்டிப் பாறையேறிப் போகிறவர்கள் அப்படிப் போவதில் பித்துக் கொண்டவர்களாதலால், கண்டவரெல்லாம் புகழ்வதில் வியப்பில்லை. 2010-க்கு முன் கண்டுவிட்டு விளையாட்டையே விட்டுப்போனவர்களுடைய மகிழ்ச்சி எந்தக் கணக்கிலும் சேராமற்போயிற்று என்பதும் பழைய பெட்டிகளுக்கு நேர்ந்த அநீதிதான். இவ்வளவு குறைகளுக்கும் உட்பட்டதாயினும், இந்தப் புள்ளியால் ஒரு நன்மை கண்கூடாக விளைந்தது. 2005-இல் நிறுத்தப்பட்ட பெட்டியில்லாப் புதையல்களை 2017-இல் அந்நிறுவனம் ஓரளவுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஏறக்குறைய 4,000 பேருக்குத் தலைக்கு ஒன்றாக ஒளிக்கும் உரிமை வழங்கிற்று; அவர்களைத் தெரிந்தெடுக்கையில், அவர்களுடைய பெட்டிகள் எவ்வளவு விரும்பப்பட்டன என்பதையும் கவனத்தில் கொண்டது. வியப்பின் அளவைப் பரிசீலகர் நிர்ணயிக்க முயன்று தோற்ற அதே துறையில், கண்டவர்களின் அன்பு வழிகாட்டிற்று.

அப்படியானால் மெய்யாகவே கெட்டுப்போன பெட்டியை என்ன செய்வது? சுவையற்ற பெட்டி வேறு, பழுதான பெட்டி வேறு. விவாதத்தில் இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பழுதைச் சொல்ல மதிப்பெண் வேண்டியதில்லை. ஏடு நனைந்துவிட்டது, மூடி இல்லை என்று ஒளித்தவருக்கு அறிவிக்கும் தனிப் பதிவு நெடுங்காலமாக உண்டு. தேடிக் கிடைக்கவில்லை என்று பதிவதும் உண்டு. இவற்றையெல்லாம் கணினியே கூட்டிப் பார்த்து, ஆரோக்கியம் குன்றியதாகத் தோன்றும் பெட்டிகளின் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் அனுப்புகிறது. அப்போதும் அசையாவிட்டால் பரிசீலகர் தலையிட்டுப் பெட்டியை வரைபடத்திலிருந்தே நீக்கிவிடலாம். வருந்தத்தக்கது என்னவென்றால், தேடித் தோற்றதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, பலர் அதைப் பதிவதே இல்லை. நனைந்த ஏட்டைக் கண்டும், யாராவது சொல்வார்கள் என்று போய்விடுகிறவர்கள் இன்னும் அதிகம். அந்த மௌனம் பின்னால் வருகிறவர்களுக்குச் செய்யும் அபகாரம், நட்சத்திரம் இல்லாமையால் நேரும் அபகாரத்தைவிடப் பெரிது.

இங்கேதான் பதிவின் பெருமை வருகிறது. உல்மர் தம் வாளியில் அவரை விதை டின்னோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்தார் அல்லவா? வந்தவர் என்ன கண்டார், என்ன எடுத்தார், என்ன வைத்தார் என்று எழுதுவதற்கே அது. கைபேசிகள் வந்தபின் அந்த வழக்கம் தேய்ந்து, புதையலுக்கு நன்றி என்று பொருள்படும் டி.எஃப்.டி.சி. என்ற நான்கெழுத்தாகச் சுருங்கிவிட்டது. பவர் டிரெய்லில் முந்நூறு டப்பிகளுக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டிவிட்டுப் போகிறவர்களை மன்னிக்கலாம். முந்நூறுக்கும் முந்நூறு வாக்கியம் யார் எழுதுவார்? ஆனால் ஒருவர் மரத்தைக் குடைந்து, பூட்டும் பற்சக்கரமும் வைத்து, சரியான எண்ணை அமைத்தால் மட்டுமே திறக்கும் பெட்டியைச் செய்து காட்டோரம் வைத்திருக்க, அதற்கும் அந்த நான்கெழுத்தே பதிலாக வந்தால், செய்தவருடைய மனம் சோர்ந்துபோகும். பாதை வழுக்கிற்று, மணிக்கூண்டின் பின்னால் ஆந்தை இருந்தது, பூட்டைத் திறக்கத் தெரியாமல் பையன் அழுதுவிட்டான், கடைசியில் அவனே திறந்தான் என்று நான்கு வரி எழுதினால் போதும். படிக்கிறவர் அது தமக்கு ஏற்றதா என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்வார்; மழைக்காலத்தில் எழுதியதா கோடையில் எழுதியதா என்பதற்குத் தேதியே சாட்சி.

அதே நிறுவனம் பெட்டியின்றிக் கைபேசியிலேயே ஆடும் ‘அட்வெஞ்சர் லேப்’ என்னும் கிளை விளையாட்டில் நட்சத்திரங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் காட்டி, பெட்டிகளுக்கும் அது வரவேண்டும் என்போர் வலுப்பெற்று வருகிறார்கள். அங்கே கெட்டுப்போக ஏடும் இல்லை, மூடியும் இல்லை. ஆகவே ஒப்புமை முற்றிலும் பொருந்தாது. திருத்தம் ஒன்று அவசியமென்றால், அது வேறிடத்தில் வேண்டும். விருப்பப் புள்ளி இன்று சந்தா கட்டியவருக்கு மட்டுமே உரியதாயிருக்கிறது. பத்துப் புதையல்களை நடந்து சென்று கண்டெடுத்த எவருக்கும், பணம் செலுத்தியவரோ செலுத்தாதவரோ, ஒரு புள்ளியைக் கையில் கொடுத்துவிடலாம். அதை அளிக்கும்போது எதனால் பிடித்தது என்று இரண்டு வரி எழுதும்படி கேட்கவும் செய்யலாம். அவ்வரிகளை மட்டும் தனியே தொகுத்துப் பெட்டியின் பக்கத்தில் முதலில் காட்டினால், முனிச்சில் ஒரு பிற்பகல் மட்டுமே வாய்த்தவர் வேறெதையும் தேட வேண்டியிராது.